மூன்று டிகிரி தவறினால்

டெர்ரி பிராட்ஷா 1970களில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு நான்கு சூப்பர் பவுல் கோப்பைகளை வென்று கொடுத்தவர். அமெரிக்கக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் அவருக்கு இடம் உண்டு. ஜமார்கஸ் ரசலை 2007இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி, அந்த ஆண்டு கல்லூரிகளிலிருந்து வந்த அத்தனை பேருக்கும் மேலாக, முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மூன்று சீசன் ஆடவிட்டு 2010இல் கழற்றிவிட்டது. ஆள் எடுப்பதில் ஏமாந்த அணிகளைப் பற்றிக் கேலி பேசும்போதெல்லாம் அவர் பெயர் முன்னால் வந்து நிற்கும். இருவரும் குவார்ட்டர்பேக்குகள். இருவருக்கும் அசுரக் கை. பிராட்ஷா பள்ளி நாட்களில் ஈட்டியை 244 அடி 11 அங்குலம், அதாவது 74 மீட்டருக்கு மேல் எறிந்து தேசியப் பள்ளிச் சாதனை படைத்தவர். ரசல் மண்டியிட்டபடியே 60 யார்டு வீசுவார் என்று பேச்சு உண்டு. வீசிய பந்துகளில் எத்தனை தம் அணியினர் கையில் போய்ச் சேர்ந்தன என்று கணக்கெடுத்தால், பிராட்ஷாவுக்கு 100க்கு 51.9. ரசலுக்கு 52.1.

ஆக, விரட்டப்பட்டவர் புகழ்க்கூடத்துக்காரரைவிட ஒரு நூல் முன்னால் நிற்கிறார். கை வலுத்து, குறி தவறும் ஓர் இளைஞன் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தால் அவன் கதி என்ன என்ற கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் இல்லாமல் போவது இங்கேதான். கையின் வலுவைப் பற்றியும் குறியைப் பற்றியும் தனித்தனியாகப் பேசினால்தான் விஷயம் பிடிபடும்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அணிக்கு 11 பேர். பந்து இரு முனையும் கூரான நீள்வடிவம், எடை ஏறக்குறைய 400 கிராம். குவார்ட்டர்பேக் அதை வாங்கிக்கொண்டு சில அடிகள் பின்னால் போய், முன்னே ஓடிக்கொண்டிருக்கும் சக வீரருக்கு வீச வேண்டும். அவரை ரிசீவர் என்பார்கள். நூறு கிலோவைத் தாண்டிய எதிராளிகள் குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கப் பாய்ந்து வந்துகொண்டிருக்க, சராசரியாக இரண்டே முக்கால் நொடிக்குள் பந்து அவர் கையை விட்டுப் போயாக வேண்டும். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிகிறவருக்கு ஸ்டம்பாவது ஓரிடத்தில் நிற்கும். இங்கே ஸ்டம்பே ஓடுகிறது. அதை ஒட்டிக்கொண்டு எதிராளி ஒருவனும் ஓடுகிறான்.

இதில் கைவலு எதை வாங்கித் தருகிறது? நேரத்தை. தூரம் எறிவது வேடிக்கைக்கு நன்றாக இருக்கும். ஆட்டத்தில் 60 யார்டு வீச வேண்டிய தருணங்கள் மிகக் குறைவு. கையின் வலு உண்மையில் பரிசோதிக்கப்படுவது வேறொரு வீச்சில். பந்து மைதானத்தின் ஒரு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. ரிசீவர் 15 யார்டு முன்னே ஓடி, சட்டென்று திரும்பி எதிர்ப்புறக் கோட்டை நோக்கிப் போகிறார். கணக்கில் சேர்வது 15 யார்டுதான். ஆனால் மைதானத்தின் அகலம் 160 அடி. குவார்ட்டர்பேக் பின்வாங்கி நிற்கும் தூரத்தையும் சேர்த்தால், குறுக்காகப் பறக்கும் பந்து 35 யார்டு, அதாவது 32 மீட்டர் கடக்க வேண்டும்.

காற்றின் தடையையும் பந்து வளைந்து போவதையும் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுவோம். மணிக்கு 62 மைல் வேகத்தில் புறப்படும் பந்துக்கு இந்தத் தூரத்தைக் கடக்க 1.15 நொடி ஆகும். 52 மைல் வேகப் பந்துக்கு 1.38 நொடி. வித்தியாசம் கால் நொடிகூட இல்லை. ஆனால் நொடிக்கு 8 மீட்டர் ஓடும் தடுப்பாட்டக்காரன் அந்த இடைவெளியில் ஏறக்குறைய 1.8 மீட்டர் நெருங்கிவிடுவான். பந்தைத் தட்டிவிட, ஏன், பறித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடக்கூட அது போதும். வலுத்த கை இருப்பவனுக்கு மைதானத்தில் இந்த 1.8 மீட்டர் சொந்தம். மற்றவர்கள் வீசவே துணியாத பந்தை அவன் வீசுவான்.

இப்போது அதே 32 மீட்டரில் குறியைப் பார்ப்போம். கையிலிருந்து பந்து விடுபடும் திசையில் ஒரு டிகிரி பிசகினால் போய்ச் சேரும் இடத்தில் 56 சென்டிமீட்டர் விலகல். ஓடுகிறவர் கையை நீட்டி எட்டிப் பிடித்துவிடலாம். மூன்று டிகிரி பிசகினால் 1.7 மீட்டர். வலு சம்பாதித்துக் கொடுத்த அத்தனையையும் மூன்று டிகிரி தின்றுவிடுகிறது. விலகல் எந்தப் பக்கம் என்பதிலும் சங்கதி இருக்கிறது. கோட்டுக்கு வெளிப்புறம் விலகினால் பந்து வீணாகும், அவ்வளவுதான். உட்புறம் விலகினால் துரத்தி வருகிறவன் நெஞ்சில் போய் விழும்.

வலுவும் குறியும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு வரங்கள், ஒருவனுக்கு ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போயிற்று என்றுதான் ரசிகர்கள் நினைக்கிறார்கள். உடலியல் அப்படிச் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் ஹாரிஸும் டேனியல் வோல்பர்ட்டும் 1998இல் நேச்சர் இதழில் முன்வைத்த கருத்து இது: தசைக்கு மூளை அனுப்பும் கட்டளை எவ்வளவு பெரிதோ, அதில் கலந்து வரும் இரைச்சலும் அவ்வளவு பெரிது. முழு வேகத்தில் வீசும்போது கட்டளை பெரிதாகிறது. அத்துடன் தடுமாற்றமும் பெரிதாகிறது. பயிற்சி அந்த இரைச்சலைக் குறைக்கும், அறவே ஒழிக்காது.

இதில் நேரக் கணக்கு இன்னும் கொடுமையானது. தோளிலிருந்து முன்னால் சுழலும் மேற்கை, மனித உடல் செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானது. பேஸ்பால் வீசுகிறவர்களிடம் அது நொடிக்கு 9,000 டிகிரி வரை போகிறது என்று 2013இல் நீல் ரோச் குழுவினர் எழுதினார்கள். இந்தச் சுழற்சியின் நடுவே, சரியான கணத்தில் விரல்கள் பந்தை விட வேண்டும். நரம்பியலாளர் வில்லியம் கால்வின் 1983இல் ஒரு கணக்குப் போட்டார். நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் முயல் அளவு இலக்கைக் கல்லால் அடிக்க, விரல் திறக்கும் கணம் 11 மில்லிநொடிக்குள் அமைந்தால் போதும். அதே முயல் எட்டு மீட்டரில் இருந்தால் 1.4 மில்லிநொடிக்குள் அமைய வேண்டும். தூரம் இரட்டித்தால் வாய்ப்பு எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது! கண் பார்த்து மூளை திருத்தம் சொல்ல இருநூறு மில்லிநொடி போல ஆகும். அதற்குள் பந்து போய்விட்டிருக்கும். ஆக, வீச்சு நடக்கும்போது யாரும் அதைத் திருத்துவதில்லை. முன்கூட்டியே எழுதப்பட்ட கட்டளை அப்படியே ஓடி முடிகிறது.

சென்னை ஐஐடியில் படித்து இப்போது ஹார்வர்டில் இருக்கும் எல். மகாதேவனும், யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசனும் 2017இல் எழுதிய ஆய்வு இந்த விஷயத்தைத் தசை, நரம்பு எதையும் தொடாமல், பறக்கும் பொருளின் பாதையை மட்டும் வைத்து அலசுகிறது. புறப்படும்போது இருக்கும் சிறு பிழையைப் பாதையே எப்படி ஊதிப் பெருக்குகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. வேகம் கூடக் குறி கெடுவது உடலின் குறை மட்டுமல்ல, பாதையின் கணிதத்திலேயே அது இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். இலக்கை எட்டத் தேவையான குறைந்தபட்ச வேகத்தைச் சற்றே தாண்டி வீசுவதுதான் பல நேரங்களில் உத்தமம். எல்லாப் பந்தையும் முழு மூச்சோடு வீசும் பழக்கம், கை வலுத்த இளைஞர்களிடம் பயிற்சியாளர்கள் முதலில் கண்டிக்கும் பழக்கம். அது வெறும் முதிர்ச்சியின்மை என்று நினைத்திருந்தேன். பிழையை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம் என்று இந்த ஆய்வைப் படித்த பிறகு சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஜாஷ் ஆலனை என்ன செய்வது?

கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊர்க்காரர். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அவரைக் கேட்கவில்லை. ரீட்லி என்ற சிறு கல்லூரியில் ஆடிவிட்டு வயோமிங் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் வீசியதில் சேர்ந்தது 56.2 சதவீதம். மற்ற பெரிய பெயர்களில் பெரும்பாலோர் அறுபதுக்கு மேலே இருந்த காலம் அது. 2018 தேர்வுக்கு முந்தைய சோதனையில் அவர் பந்து 62 மைல் வேகம் காட்டியது. பஃபலோ பில்ஸ் அணி ஏழாவது ஆளாக அவரை எடுத்தபோது, எண்களை நம்புகிறவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். முதல் ஆண்டு 52.8 சதவீதம். அவர்கள் சொன்னது சரி என்றே பட்டது. இரண்டாம் ஆண்டு 58.8. மூன்றாம் ஆண்டு, 2020இல், 69.2! 2024 சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

குறி என்பது ஒரே பண்பு அல்ல என்று புரிந்துகொண்டால் இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒருவன் எப்போதும் தலைக்கு மேலேயே வீசுகிறான் என்று வையுங்கள். அவனுக்கு இருப்பது ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வரும் பிழை. அதற்குக் காரணம் இருக்கும், பெரும்பாலும் காலிலும் இடுப்பிலும். கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, அதன் பின்னால் தோளும் கையும் வர வேண்டும். வரிசை பிசகினால் கை தனியாக உழைக்கும், பந்து உயரும். முன்னாள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் பாமருடன் ஆலன் சீசன் இல்லாத மாதங்களில் சரிசெய்தது இதைத்தான். வேறொருவன் மேலும் கீழும் இடமும் வலமுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறடிக்கிறான். அவனைத் திருத்துவது கடினம், ஏனென்றால் பிடித்துத் திருத்த ஒன்றும் கையில் சிக்காது. இன்னொரு வகை உண்டு. கை சரியாகத்தான் வீசுகிறது, கண் தாமதமாகப் பார்க்கிறது. ரிசீவர் அரை நொடிக்கு முன்பு இருந்த இடத்துக்குப் பந்து கச்சிதமாகப் போய்ச் சேர்கிறது. கணக்கேட்டில் இந்த மூன்றும் ஒரே தவறாகத்தான் பதிவாகின்றன.

அந்தச் சதவீதக் கணக்கே சந்தேகத்துக்குரியது என்பதையும் சொல்ல வேண்டும். ரிசீவர் நழுவவிட்டாலும் வீசியவன் கணக்கு. ஆபத்தைத் தவிர்க்க வேண்டுமென்றே வெளியே எறிந்தாலும் அப்படியே. ஐந்து யார்டு பக்கவாட்டில் தட்டிக்கொடுத்தாலும் ஒன்று, 40 யார்டு தாண்டி வீசினாலும் ஒன்று. 2017இல் வயோமிங்கின் முக்கிய ரிசீவர்கள் வெளியேறியிருந்தார்கள். பிற்பாடு பஃபலோ அணி 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸை வேறோர் அணியிலிருந்து கொண்டுவந்தது. அந்த ஆண்டு அவர் 127 பந்துகளைப் பிடித்து தொழில்முறை லீகில் முதலிடம் பெற்றார். ஆலனின் 69.2இல் எத்தனை அவருடையது, எத்தனை டிக்ஸுடையது? நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இப்போது வீரர்களின் தோள்பட்டைக் கவசத்தில் சில்லுகளைப் பொருத்தி, தடுப்பாட்டக்காரன் எவ்வளவு நெருக்கத்தில் இருந்தான், பந்து எவ்வளவு தூரம் போயிற்று என்பதையெல்லாம் கணக்கிட்டு, ‘இந்த வீச்சு சேர வாய்ப்பு இவ்வளவு’ என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். பிறகு உண்மையில் சேர்ந்ததோடு ஒப்பிடுகிறார்கள்.

2018இல் முதல் சுற்றில் தேர்வான ஐந்து குவார்ட்டர்பேக்குகளில், கல்லூரிக் கணக்கில் குறி மோசம் என்று தோன்றிய இருவர் ஆலனும், 57 சதவீதத்தோடு கடைசியாக எடுக்கப்பட்ட லமார் ஜாக்சனும்தான். அந்த ஐவரில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்களும் இந்த இருவர்தான். கச்சிதமாக வீசுகிறவர் என்று பெயர் வாங்கிய ஜாஷ் ரோசன் சில ஆண்டுகளிலேயே காணாமல் போனார். இதை வைத்துக்கொண்டு குறி முக்கியமில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலனும் ஜாக்சனும் பந்தோடு ஓடத் தெரிந்தவர்கள். வீச்சு பழகி வரும்வரை கால்கள் அவர்களைக் காப்பாற்றின. ஆடிக்கொண்டே கற்க அவகாசம் கிடைத்தது. ஓட்டம் தெரியாமல் வலுத்த கையை மட்டும் கொண்டுவருகிறவனுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

பிராட்ஷாவுக்கும் அவகாசம் கிடைத்தது. 1970இல் முதல் ஆளாகத் தேர்வான அவருடைய முதல் சீசன் 38.1 சதவீதம், ஆறு டச்டவுன், எதிராளிகள் பறித்தவை 24. இன்று அப்படி ஆடினால் அடுத்த ஆண்டு வரை அணி பொறுத்திருக்குமா என்பதே சந்தேகம். அன்று லீக் சராசரியே பாதியைச் சற்றுத்தான் தாண்டியிருந்தது. தடுப்பாட்டக்காரர்கள் ரிசீவரைப் பிடித்துத் தள்ளலாம், இடிக்கலாம். இறுகிய இடைவெளியில் தொலைதூரம் வீச வேண்டியிருந்தது. நான்கில் ஒன்று பெரிய லாபமாக முடிந்தால் மற்றவை மன்னிக்கப்பட்டன. 1978இல் விதி மாறிற்று. ஐந்து யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொட்டுத் தடுக்கக் கூடாது. பிராட்ஷாவின் அணித்தோழர் மெல் பிளவுன்ட்டின் முரட்டுத் தடுப்பைப் பார்த்துக் கொண்டுவந்ததாக அந்த விதிக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்று சராசரி 64, 65ஐத் தொடுகிறது. 52 சதவீதம் அன்று சாதாரணம். இன்று வேலை போகும்.

சராசரி ஏறியதற்கு விதி மட்டும் காரணமல்ல. அதற்கு முன்பே சின்சினாட்டியில் ஒரு சம்பவம் நடந்தது. பெங்கால்ஸ் அணிக்கு 1969இல் கிரெக் குக் என்ற இளைஞர் வந்தார். நீண்ட வீச்சுகளுக்குப் பெயர் போனவர். முதல் ஆண்டிலேயே தோளில் காயம்பட்டு, அவருடைய ஆட்டவாழ்வு அதோடு ஏறக்குறைய முடிந்தது. மாற்றாக வந்த விர்ஜில் கார்ட்டருக்குக் கை அவ்வளவு இல்லை. துணைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வேலையில் இறங்கினார்: குறுகிய வீச்சு, அகலவாக்கில், துல்லியமான நேரத்தில். 1971இல் கார்ட்டர் 62.2 சதவீதத்தோடு லீகில் முதலிடம் பிடித்தார். அதே ஆண்டு ராபர்ட் மக்கோலுடன் சேர்ந்து, மைதானத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் எத்தனை புள்ளிக்குச் சமம் என்று கணக்கிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவரும் இந்தக் கார்ட்டர்தான். வால்ஷ் பிற்பாடு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோ மான்டானாவை வைத்து இதே முறையில் கோப்பைகள் வென்றார். மான்டானா 1979 தேர்வில் 82ஆவது ஆள். கை சுமார் என்று ஒதுக்கப்பட்டவர். குக்கின் தோள் நன்றாக இருந்திருந்தால் இந்த ஆட்டமுறை பிறந்திருக்குமா என்று வால்ஷை அறிந்தவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு.

இத்தனைக்குப் பிறகும் அணிகள் வலுத்த கையைத் துரத்துவது ஏன்? ஒரு காரணம் எளிது. வேகத்தை ஒரே மதியத்தில் ரேடார் துப்பாக்கியால் அளந்துவிடலாம். குறியை அளக்க நூற்றுக்கணக்கான வீச்சுகளை, ஆட்டச் சூழலோடு, பார்க்க வேண்டும். 2017 சோதனையில் பேட்ரிக் மஹோம்ஸ் 60 மைல், டெஷான் வாட்சன் 49 மைல். அந்த 49 மைல்காரர்தான் 2020இல் லீகிலேயே அதிக யார்டு வீசினார், 70 சதவீதக் குறியோடு. கைல் போலர் கல்லூரியில் பாதிகூடத் தேறாதவர். மைதான நடுவில் மண்டியிட்டு வீசிய பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே போயிற்று என்ற செய்தியோடு 2003இல் பால்டிமோர் அவரை முதல் சுற்றில் எடுத்தது. நிலைக்கவில்லை. 54 சதவீதத்தோடு 2011இல் எட்டாவது ஆளாக வந்த ஜேக் லாக்கர் நான்கு சீசனில் ஓய்வு பெற்றார்.

இன்னொரு காரணம் பணம். ரசலின் ஒப்பந்தம் 60 மில்லியன் டாலரைத் தாண்டியது என்றும் அதில் பாதிக்கு மேல் உறுதிப்பணம் என்றும் அப்போது செய்தி வந்தது. சூதில் தோற்றால் அணிக்குப் பல ஆண்டு வடு. 2010இல் முதலாவதாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதிப்பணம் மட்டும் 50 மில்லியன். 2011இல் தொழிலாளர் ஒப்பந்தம் மாறி, புதியவர்களின் சம்பளத்துக்கு அட்டவணை வந்தது. அந்த ஆண்டு முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு மொத்தமே 22 மில்லியன். தோல்வியின் விலை ஒரே ஆண்டில் சரிந்தது. குறி தவறும் கைகளுக்கு நிபுணர்கள் சொல்வதைவிடப் பெரிய உதவி செய்தது இந்த அட்டவணை என்பது என் எண்ணம். நூற்றில் ஒருவன் ஆலன் ஆவான் என்றாலும் வாங்கிப் பார்க்கலாம் என்ற துணிச்சல் அதிலிருந்து வந்தது.

அந்தத் துணிச்சலில் 2023இல் நான்காவது ஆளாக இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் எடுத்தவர் ஆன்டனி ரிச்சர்ட்சன். கல்லூரியில் 54.7 சதவீதம், ஓட்டம், உயரம், கை மூன்றும் அபாரம். 2024இல் 47.7. அடுத்த சீசன் தொடங்கும்போது அணி டேனியல் ஜோன்ஸிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டது. ஆலனுக்கும் இவருக்கும் கல்லூரி எண்களில் பெரிய தூரம் இல்லை. அதனால் யாரும் இப்போதே தீர்ப்பெழுத மாட்டார்கள்.

முதல் சுற்றில் வருகிறவனுக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம். நான்காம் சுற்றில் வந்தால் பொறுமையும் அதற்கேற்பத்தான் கிடைக்கும். வர்ஜீனியா டெக்கில் ஆடிய லோகன் தாமஸ் 2014 சோதனையில் 60 மைல் வேகம் காட்டினார். அரிசோனா அவரை நான்காம் சுற்றில் எடுத்தது. தொழில்முறை ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக அவர் வீசியது மொத்தம் ஒன்பது பந்து. சேர்ந்தது ஒன்று, அது 81 யார்டு டச்டவுன். பிறகு குவார்ட்டர்பேக் இடம் அவருக்கு நிலைக்கவில்லை. தாமஸ் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறினார். 2020இல் வாஷிங்டனுக்காக 72 பந்துகளைப் பிடித்தார். அவற்றில் பலவற்றை வீசியவர் அலெக்ஸ் ஸ்மித். அவருடைய கையை வலுத்த கை என்று யாரும் சொன்னதில்லை.